பவளத்துக்கு வாங்கிய பட்டி

1.

இந்தக் கதை எனக்கு வாய் நிறையப் பஞ்சோடு கிடைத்தது. கொழும்பு வெள்ளவத்தையில், கடல் பக்கத்து ஒழுங்கை ஒன்றில், பல் வைத்தியர் பத்மாவதியின் நாற்காலியில் மல்லாந்து கிடந்தேன். கடைவாய்ப் பல். ஊசி போட்டாயிற்று, தாடை மரத்தாயிற்று. பின்னறையில் யாரோ ஓயாமல் கதைத்துக்கொண்டிருந்த சத்தம் வேறு. செய்வதற்கு ஒன்றுமில்லாமல் கண்ணை மட்டும் திருப்பிச் சுவரோரம் இருந்த கடல்நீர் மீன்தொட்டியைப் பார்த்தேன். அவர் அதைக் கவனித்துவிட்டார்.

"அதுக்கொரு கதை இருக்கு" என்றார். "சண்டைக் காலத்துக் கதை."

நான் "ஆ" என்றேன். வேண்டாம் என்று சொல்லவும் வழியில்லை, குறுக்கே கேள்வி கேட்கவும் வழியில்லை. கதை சொல்கிறவர்களுக்கு இப்படி ஒரு ஆள் வாய்க்க வேண்டும்.

முக்கியமான இடத்தில் பல் வந்துவிட்டது. "கொப்பளியுங்கோ" என்றார். அடுத்த ஆள் உள்ளே வந்துவிட்டார். ஆகவே என்னிடம் இருப்பது முக்கால் கதை. இடையிடையே இருந்த ஓட்டைகளை நான் அடைத்திருக்கிறேன். எது அவர் சொன்னது, எது நான் அடைத்தது என்று கேட்காதீர்கள், எனக்கே இப்போது பிரித்துச் சொல்லத் தெரியாது.

(ஒரு மரியாதைப் பிரச்சினை. நாற்காலிப் பக்கத்தில் நின்றபோது "அவர்". கதைக்குள் "அவள்" என்று எழுதப்போகிறேன். ஒரு ஆளின் மனதுக்குள் போய் உட்கார்ந்துகொண்டு "அவர்கள் கவலைப்பட்டார்கள்" என்று எழுத எனக்குக் கை வராது.)

2.

தொடக்கம் ஒன்று: "ஆழ்கடலின் மௌனத்தைப் போலவே மனித மனமும்..." போதும். வெட்டியாயிற்று.

தொடக்கம் இரண்டு: "பவளம் கல்லுமல்ல, செடியுமல்ல. கோடிக்கணக்கான சிற்றுயிர்கள் ஒன்றாய்க் கூடிக் கட்டிய ஊர். அந்த ஊரிலிருந்து முறிந்த ஒரு துண்டை வேறொரு பாறையில் ஒட்டும்போது, சொந்த இடத்தை விட்டு வந்து வெள்ளவத்தை லொட்ஜுகளில் தங்கிய நம் சனங்களை..."

இதையும் வெட்டினேன். உங்களுக்கும் விளங்கிவிட்டது, எனக்கும் விளங்கிவிட்டது, பிறகு எதற்கு இருபது பக்கம்? இனி இந்தக் கதையில் பவளம் பவளம்தான். அதைப் பார்த்து யாராவது வேறெதையும் நினைத்தால் அது அவரவர் சொந்தப் பொறுப்பு.

தொடக்கம் மூன்று: "சிவபாதசுந்தரத்தைப் பொலிஸ் கொண்டுபோனதற்கு அவருடைய வாய்தான் காரணம்."

இது பரவாயில்லை. இதிலிருந்து போவோம்.

3.

சிவபாதசுந்தரத்தைப் பொலிஸ் கொண்டுபோனதற்கு அவருடைய வாய்தான் காரணம். அவர் பத்மாவதியின் கணவர். துறைமுகத்தில் கப்பல் சரக்குகளைச் சோதித்து அறிக்கை எழுதும் உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். பென்சன் எடுத்த யாழ்ப்பாணத்து மனிதர்கள் பலர் கோயில் நிர்வாகசபைக்குள் புகுந்து சண்டை பிடிப்பார்கள். இவர், வீட்டு முன்னறையில் மனைவி நடத்திய கிளினிக்கில் மீன்தொட்டி வைத்தார். கோமாளி மீன் இரண்டு, கறுத்த பாறைகள், வெள்ளை மணல். அதன் முன்னால் நின்று, பல்வலியோடு வருகிற சனத்துக்குக் கடலைப் பற்றி விளக்கம் சொல்வார். சனம் கன்னத்தைப் பொத்திக்கொண்டு கேட்கும்.

மாளிகாவத்தை மாடிவீட்டில் ஹுசைன் என்று அவருக்கு ஒரு கூட்டாளி. ஏற்றுமதிக்கு மீன் பொதி செய்யும் கம்பனி ஒன்றில் வேலை செய்தவர், வீட்டிலும் தொட்டி வைத்திருப்பவர். அவருடைய தொட்டியில் வளர்ந்த மான்கொம்புப் பவளத்தில் ஒரு கிளை முறிந்தது.* அதைத் தூக்கிச் சிவபாதசுந்தரத்திடம் கொடுத்தார். ஒரு விரல் நீளம், நுனியில் ஊதா நிறம். இவர் அதைத் தன் தொட்டியில் பாறையோடு சாய்த்துவைத்தார், அது மணலில் விழுந்துவிட்டது.

[* கடலில் பவளம் உடைப்பது சட்டப்படி குற்றம். இது தொட்டியில் வளர்ந்தது. சிவபாதசுந்தரத்தின் மேல் இனி விழப்போகிற சந்தேகமே போதும், நானும் ஒன்றைத் தூக்கிப் போட மாட்டேன்.]

முறிந்த பவளத்தை மணலில் சும்மா போட்டுவைக்க முடியாது. மணல் படுகிற பக்கம் வெளிறிச் செத்துக்கொண்டு வரும். பாறையில் நிமிர்த்தி ஒட்ட வேண்டும். ஒட்டுகிற பொருள் தண்ணீருக்குள்ளேயே இறுக வேண்டும், இறுகியபின் நஞ்சு கக்கக் கூடாது. அப்படி ஒன்று கப்பற்காரர்களிடம் உண்டு. தச்சன் மரத்து ஓட்டையை அடைக்கிற பட்டியைப் போல ஒரு களி, ஆனால் வெள்ளையும் கறுப்புமாய் இரண்டு கட்டி. இரண்டையும் சேர்த்துப் பிசைந்தால் கல்லாகும். கொட்டாஞ்சேனையில் கப்பல் சாமான் விற்கும் கடையில் பெரிய கட்டியிலிருந்து வெட்டி, எண்ணெய்த்தாளில் சுற்றிக் கொடுத்தார்கள். பெயர் இல்லை, லேபல் இல்லை.

சமாதானப் பேச்சு முறிந்து, மறுபடி சண்டை தொடங்கியிருந்த காலம். திரும்பும் வழியில், காலி நகருக்குப் போகும் வீதிச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்த்த பொலிஸ்காரர், "மே மொக்கத?" என்று கேட்டார். இது என்ன என்ற கேள்வி. கம், அதாவது பசை, என்று ஒரு சொல்லில் முடித்திருக்கலாம். உலகத்தில் எந்தப் புருஷனும் அப்படித்தான் முடித்திருப்பான்.

[இந்த இடத்தை வாசித்துவிட்டு என் மனைவி, "எந்தப் புருஷன்?" என்று கேட்டாள்.]

சிவபாதசுந்தரம் அறிக்கை எழுதியே பழகியவர். சிங்களமும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. தொண்டையைச் செருமிக்கொண்டு பிழையில்லாமல் விளக்கினார்: இவை இரண்டும் தனித்தனியாக இருந்தால் ஒன்றும் செய்யா. கலந்து பிசைந்தால்தான் சூடேறும். சூடேறிவிட்டால் பிறகு அதிக நேரம் இல்லை, வைக்கிற இடத்தில் வைத்துவிட்டுக் கையை எடுத்துவிட வேண்டும். தண்ணீருக்கு அடியிலும் நன்றாக வேலை செய்யும்.

பொலிஸ்காரர் இரண்டு அடி பின்னால் போய் விசிலை ஊதினார்.

4.

இன்ஸ்பெக்டர் விஷயத்தில் நான் மிகவும் கஷ்டப்பட்டேன். முதல் பிரதியில் அவருக்குப் பல்வலி கொடுத்திருந்தேன். கன்னம் வீங்கி வருகிறார், பத்மாவதி வலியைத் தீர்க்கிறாள், அவர் கண்கலங்கி... இல்லை. அந்தப் பல்லை நானே பிடுங்கி எறிந்தேன். இப்போது அவர் பல்லெல்லாம் ஒழுங்காக உள்ள, களைத்துப்போன, கெட்டவர் என்றும் சொல்ல முடியாத ஒரு மனிதர்.

பத்மாவதி ஒவ்வொரு நாளும் கிளினிக் திறக்குமுன் அவரை வைத்திருந்த பொலிஸ் நிலையத்து வாங்குப் பலகையில் போய் இருந்தாள். பரிசோதனை முடிவு வரட்டும் என்றார்கள். பரிசோதனைக்கு அனுப்பினார்களா என்று கேட்டால், அதற்கும் முடிவு வரட்டும் என்றார்கள். ஒருநாள் கம்பிக்குப் பின்னால் கணவனைக் காட்டினார்கள். சவரம் செய்யாத முகத்தோடு அவர் கேட்ட முதல் கேள்வி இது:

"பத்மா, அது விழுந்தபடியோ கிடக்கு?"

"ஓம். நீங்கள் சாப்பிட்டனீங்களோ?"

"மணலில படுற பக்கம் வெள்ளையாப் போகுதோ?"

"இஞ்சாருங்கோ, நான் கேட்டதுக்குப் பதில் சொல்லுங்கோ."

"சாப்பிட்டனான். நீர் அதைத் தொடாதையும். நான் வந்து ஒட்டுறன்."

அவளுக்கு ஆத்திரமும் அழுகையும் ஒன்றாய் வந்தன. இந்த மனுசனுக்குத் தான் நிற்கிற இடம் விளங்குதில்லையோ என்று நினைத்தாள். பிறகு, வாசற்படி இறங்கும்போது, அவருக்கு எல்லாம் விளங்கியிருக்கிறது, அதனால்தான் பவளத்தைப் பற்றிக் கதைக்கிறார் என்று தெரிந்தது. அதற்குப் பிறகுதான் அழுதாள்.

வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்டர் அவளை உள்ளே கூப்பிட்டார். "டொக்டர் நோனா, திங்கட்கிழமை காலையில் வீட்டைச் சோதிக்க வருகிறோம்" என்று சிங்களத்தில் சொன்னார். "அந்தக் களியில் கொஞ்சம் கொண்டுவருகிறேன். தண்ணீருக்குள் கல்லில் ஒட்டும் என்கிறார் உங்கள் மகாத்தயா. ஒட்டிக் காட்டுங்கள். ஒட்டினால் பசை என்று எழுதி அவரை வீட்டுக்கு அனுப்புகிறேன். ஒட்டாவிட்டால் தடுப்புக் கட்டளைக்கு எழுதுவதைத் தவிர எனக்கு வேறு வழியில்லை."

தடுப்புக் கட்டளை என்றால் என்ன என்று அந்தக் காலத்துக் கொழும்புத் தமிழருக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. எந்த இடத்துக்குக் கொண்டுபோவார்கள், எவ்வளவு காலம் என்று கேட்க ஆளே இருக்காது.

5.

இனி வருவது பல் வைத்தியர் மட்டும் செய்யக்கூடிய பிழை.

பவளம் அதற்குள் ஒரு பக்கம் வெளிறிவிட்டது. திங்கட்கிழமைக்குள் அது செத்துப்போனால் எதை ஒட்டிக் காட்டுவது? பத்மாவதி யோசித்தாள். தண்ணீருக்குள் இறுகும் பொருள் தன் கையில் இல்லையா என்ன? தற்காலிகமாகப் பல்லை அடைக்க அவள் தினமும் குழைக்கிற சீமெந்து, வாய்க்குள் எச்சில் ஈரத்தில் இன்னும் கெதியாய் அல்லவா இறுகும்? ஞாயிறு காலை கண்ணாடித் தட்டில் குழைத்தாள். அறை முழுவதும் கராம்பு மணத்தது. ஒரு உருண்டையைப் பவளத்தின் அடியில் அப்பி, பாறையில் வைத்து அழுத்தினாள். அது நின்றது. அவளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை, கையைத் துடைத்துவிட்டுத் தேத்தண்ணி வைக்கப் போனாள்.

திரும்பி வந்தபோது கோமாளி மீன் இரண்டும் பக்கவாட்டில் சரிந்து கிடந்தன. சீமெந்தும் வழுக்கிவிட்டது, பவளம் மறுபடி மணலில்.

கராம்பு எண்ணெய். பல்லின் நரம்பை மரக்கச் செய்வதற்காகவே அந்தச் சீமெந்தில் சேர்க்கிற எண்ணெய். பல்லை மரக்கச் செய்தால் மீனையும் மரக்கச் செய்யாதோ? இவ்வளவு படித்த எனக்கு இது உறைக்கவில்லையே என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவர் வந்து பார்த்தால் என்ன சொல்வாள்? ஹுசைனுக்குப் போன் எடுத்தாள்.

"மீன் மௌத்தாகல்ல டொக்டர், மயங்கி ஈக்கி" என்றார் ஹுசைன். "அந்தச் சாமானத் தோண்டி எடுங்க. பாதித் தண்ணிய மாத்துங்க. பல்கனி டிரம்மில சிவா அய்யா கடல் தண்ணி வெச்சிருப்பாரே."

"சரி. அந்தப் பட்டியை எப்பிடி ஒட்டுறது? கலந்து..."

"அத ஃபோன்ல பேச ஏலா டொக்டர்" என்று அவசரமாய்க் குறுக்கிட்டார். "ரெண்டையும் கலக்கிற கதைய ஃபோன்ல பேசித்தானா நானும் உள்ளுக்குப் போகணும்? நான் நேர வாறன்."

அவள் டிரம்மிலிருந்து வாளி வாளியாய் அள்ளி ஊற்றினாள். சீலை நனைந்து, முதுகு பிடித்துக்கொண்டது. பெரிய மீன் முதலில் செவுளை அசைத்தது. பிறகு சின்னது. சின்னது நிமிர்ந்து, ஒன்றும் நடக்காதது மாதிரி அவளிடம் சாப்பாடு கேட்டது. அவள் தொட்டிக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தக் கிழமையில் அவள் சிரித்தது அப்போதுதான்.

பின்னேரம் ஹுசைன் வந்தார். மீனைப் பார்த்து அல்ஹம்துலில்லாஹ் சொன்னார். பட்டி மட்டும் நிற்காது, கல்லில் வழுக்கிப் பெய்த்திடும் என்றார். பவளத்தின் அடியைத் துடைத்து உலர்த்தி, அதில் தடித்த சுப்பர் குளூ, அதற்கு மேல் பட்டி, பட்டிக்கு மேல் திரும்பவும் குளூ. தண்ணீருக்குள் வைத்துத் திருகி அழுத்த வேண்டும். குளூ தனியாக என்றால் நொறுங்கும், பட்டி தனியாக என்றால் வழுக்கும்.

"ரெண்டும் சேந்தா யானை இழுத்தாலும் வராது" என்றார்.

இது வாசகர்களில் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு. கதை எப்படிப் போனாலும் இந்தப் பந்தியாவது உங்களுக்குப் பயன்படும்.

6.

திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரும் ஒரு கொன்ஸ்டபிளும் வந்தார்கள். அலுமாரிகளைத் திறந்து பார்த்து மூடினார்கள். பிறகு இன்ஸ்பெக்டர் எண்ணெய்த்தாள் பொட்டலத்தை மேசையில் வைத்தார். பத்மாவதி சுப்பர் குளூவை எடுத்தாள்.

"அது என்ன?"

"இதுவும் கம்தான்."

இன்ஸ்பெக்டர் தலையை ஆட்டினார். "அது வேண்டாம் நோனா. அந்தக் குளூ ஒட்டினால் இந்தக் களி பசை என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அவர் கேட்டது நியாயம். எழுதுகிற எனக்கே அதற்குப் பதில் தெரியவில்லை. இந்த இடத்தில் கதையை விட்டுவிட்டு இரண்டு கிழமை வேறு வேலை பார்த்தேன்.

அவள் பொட்டலத்தில் பாதியை எடுத்துப் பிசைந்தாள். வெள்ளையும் கறுப்பும் சேர்ந்து சாம்பல் நிறமாகி, உள்ளங்கையில் இளஞ்சூடு தட்டியது. கொன்ஸ்டபிள் கதவடிக்குப் போய் நின்றார். பவளத்தில் அப்பி, பாறையில் வைத்து, முடிந்த மட்டும் அழுத்தினாள். கையை எடுத்தாள். பவளம் மெல்லச் சரிந்து மணலில் விழுந்தது.

இன்ஸ்பெக்டர் தொப்பியை எடுத்தார். அவர் முகத்தில் கவலைதான் இருந்தது, அது பத்மாவதியை இன்னும் பயப்படுத்தியது. அவர் போய்விடுவார், போய் எழுதிவிடுவார். இருபத்தேழு வருடம் ஒன்றாய் இருந்த மனுசன் ஒரு கையெழுத்தோடு கண்காணாத இடத்துக்குப் போய்விடுவார்.

அவள் கண் மேசையில் கிடந்த சாமான்களில் ஓடியது. பல்லை அடைக்கிற வெள்ளிக் கலவை வைக்கும் சிறு கிண்ணம் அதில் இருந்தது. அந்த வெள்ளி பல்லில் ஒட்டுகிற சாதியே இல்லை. எத்தனையோ வாய்களில் எத்தனையோ வருடம் அது நிற்கிறது என்றால், பசையால் அல்ல. வாய் ஒடுக்கமாகவும் உள்ளே அகலமாகவும் குழி தோண்டுவதால். உள்ளே போய் இறுகியபின் அதால் வெளியே வர முடியாது. முதலாம் வருடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற பாடம்.

"இருங்கோ" என்றாள் தமிழில். பிறகு சிங்களத்தில், "மிச்சப் பாதியைத் தாருங்கள். குளூ போட மாட்டேன்."

இன்ஸ்பெக்டர் யோசித்தார். தொப்பியைத் திரும்ப மேசையில் வைத்தார்.

பாறையைத் தொட்டித் தண்ணீர் நிறைந்த பேசினுக்குள் வைத்தாள். பல்லுத் துளைக்கிற மெஷினை முடுக்கினாள். அந்தச் சத்தத்துக்குக் கொன்ஸ்டபிளின் கை தானாகக் கன்னத்துக்குப் போனது. அவள் நோயாளிக்கு முன்னால் குனிகிறது போலவே குனிந்து, பாறையில் குழி எடுத்தாள். வாய் ஒடுக்கம், உள்ளே அகலம். மூலைகளைத் துப்புரவாக்கினாள். அந்தக் கைக்கு அது பழகிய வேலை. பட்டியைப் பிசைந்து, துணுக்குத் துணுக்காய் உள்ளே அடைத்து, அமுக்கி, நடுவில் பவளத்தின் அடியைப் புதைத்தாள். சுற்றிவர வழித்தாள். பாறையைத் தொட்டிக்குள் இறக்கி, இரண்டு விரலால் பவளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

சின்ன மீன் வந்து அவள் மணிக்கட்டைக் கொத்திப் பார்த்தது. தோள் கடுத்தது. இன்ஸ்பெக்டர் ஒரு கதிரையை இழுத்துவந்து அவளுக்குப் பின்னால் போட்டார். அவள் இருக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் அவர் சொன்னார்: "அத கன்ன, நோனா." கையை எடுங்கள்.

"தவ டிக்கக்" என்றாள் அவள். இன்னும் கொஞ்சம்.

7.

இந்த இடத்தில்தான் என் பல் வந்தது.

முடிவுகள் எழுதிப் பார்த்தேன்.

அ) விழுகிறது. எழுதிவிட்டு அன்றிரவு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கிழித்தேன்.

ஆ) நிற்கிறது, ஆனால் இன்ஸ்பெக்டர் சொன்ன சொல்லைக் காப்பாற்றவில்லை. இப்படியும் நடந்திருக்கலாம், நம்மில் பலருக்கு நடந்திருக்கிறது. ஆனால் கதிரை இழுத்துப்போட்ட மனிதரை அப்படி எழுத எனக்கு மனம் வரவில்லை.

இ) நிற்கிறது. பின்னேரம் ஓட்டோவில் சிவபாதசுந்தரம் வந்து இறங்குகிறார். நேரே தொட்டியடிக்குப் போய்க் குனிந்து பார்த்துவிட்டு, "கொஞ்சம் சரிஞ்சு நிக்குது பத்மா, நான் உமக்குத் தொடாதையும் எண்டெல்லே சொன்னனான்" என்கிறார். அவள் கையில் இருந்த துவாயால் அவருக்கு ஒரு அடி போட்டுவிட்டு...

இதை முடிக்கவில்லை. ஆசைப்பட்டு எழுதுகிறேனோ என்று என் மேலேயே சந்தேகம் வந்துவிட்டது.

ஆகவே அவள் கை தண்ணீருக்குள்ளேயே இருக்கிறது. கையை எடுக்கச் சொல்வதை உங்களிடம் விடுகிறேன். அவசரப்பட வேண்டாம், நன்றாக இறுகட்டும்.

ஒன்று மட்டும் சொல்லலாம், இது நான் அடைத்தது அல்ல. கொப்பளித்துவிட்டு எழும்பியபோது தொட்டியைக் கிட்டப் போய்ப் பார்த்தேன். பாறையில் ஒரு மான்கொம்புப் பவளம், இரண்டு உள்ளங்கை விரித்த அகலம். கொஞ்சம் சரிந்துதான் நின்றது. அது இதுதானா என்று கேட்க வாயில் பஞ்சு. பின்னறைக் கதவு ஒருக்களித்துக் கிடந்தது. மின்சார மீட்டர் பார்க்க வந்த ஆள் ஒருவர், "சரி அய்யா, விளங்கிட்டுது அய்யா" என்று தப்பிக்கப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு கிழட்டுக் குரல் அவரை விடாமல், கேட்காத விளக்கமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் எட்டிப் பார்க்கவில்லை. கதவு பூட்டியிருக்கவில்லை, நீங்கள் வேண்டுமானால் தள்ளிப் பாருங்கள்.